அன்னையர் தினமும் அறுந்த கைப்பிடியும்

அன்னையர் தினம் என்ற ஒன்றை உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று நாகூர் மீரான் முடிவெடுத்த அன்று காலையில்தான், அந்தத் தினத்துக்காகவே தைத்த ரோஸ் கலர் லேடீஸ் பர்ஸுகளின் கடைசி மூட்டை அவருடைய தாராவிப் பட்டறையிலிருந்து டெம்போ ஏறிப் போயிருந்தது. உலகத்துத் தாய்மாரை உலகம் கொண்டாடுவதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. மனைவி ஆபிதாவின் தாயை அவர் கொண்டாடவேண்டும் என்று ஆபிதா சொன்னதில்தான் வந்தது வினை.

ஆபிதா சொன்னது சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். எல்லோருமாகப் பக்கத்திலிருக்கிற சுனாபட்டிக்குப் போய் உம்மாவைப் பார்ப்பது. வரும்போது உம்மாவைக் கையோடு கூட்டி வந்து இங்கேயே வைத்துக்கொள்வது. தம்பி குடும்பத்தோடு கத்தாருக்குப் போன பிறகு உம்மா மூன்றாம் மாடியில் தனியாகக் கிடக்கிறாள். அங்கே லிஃப்ட் இல்லை. இங்கே லிஃப்ட் உண்டு, அதற்கு மனது வந்தால் ஓடவும் செய்யும். உம்மாவின் முட்டிக்கு அது போதும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மீரான் "பாப்போம்" என்பார். அந்த வீட்டில் "பாப்போம்" என்றால் முடியாது என்று அர்த்தம். அதைச் சின்னவன் சைஃப்கூட அறிவான்.

மாமியாரோடு அவருக்கு என்ன பகை? ஒரு பைதான் பகை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பெருநாளுக்கு அவர் மாமியாருக்கு ஒரு கறுப்புத் தோல் பை கொடுத்தார். கையாட்களிடம் விடாமல் தானே மிஷினில் உட்கார்ந்து தைத்தது. அந்தப் பையின் கைப்பிடி, சுனாபட்டி ஸ்டேஷன் படிக்கட்டின் உச்சியில், ஆபீஸ் விட்டு ஜனம் இறங்குகிற நேரத்தில் அறுந்தது. உள்ளே இருந்தது தக்காளி. தக்காளி ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்க, பின்னாலேயே பன்வெல் லோக்கலில் வந்த கூட்டமும் இறங்கியது. படிக்கட்டு ரசமாகிவிட்டது. இதை மாமியார் செய்யதலி பாத்திமா ஒரு கல்யாணப் பந்தியில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "எம் மருமவன் தச்ச பை, தக்காளிக்கே தாங்கலம்மா!"

சாயங்காலத்துக்குள் தாராவி பூராவும் அது தெரிந்துவிட்டது. தோல் சப்ளை செய்கிறவன் வந்து, "பாய், தக்காளி கியா பாவ்?" என்று விலை கேட்டான். எதிர்ப்பட்டறை வேல்ராஜ் ஒரு வாரம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் படிக்கட்டு இறங்குகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினான். ஒரு மனுஷனை அவன் நிறத்தை வைத்துத் திட்டலாம், வழுக்கையை வைத்துத் திட்டலாம். அவன் தையலைத் தொடக் கூடாது. அன்றிலிருந்து மீரான் சுனாபட்டிப் படி ஏறவில்லை. மாமியார் இங்கே வருகிற நாளில் அவருக்குப் பட்டறையில் அவசர வேலை வந்துவிடும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. போன வருஷம் அவருடைய உம்மா மவுத்தானபோது, முதல் ஆளாக வந்து சேர்ந்தது இந்தச் செய்யதலி பாத்திமாதான். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து உம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அவர்தான். அன்றைக்கு மீரான் அவரிடம் ஏதோ சொல்ல நினைத்தார். அப்புறம் சொல்லலாம் என்று விட்டது தொண்டையிலேயே தங்கிப்போயிற்று. இப்போது மாமியாரைப் பார்க்காமலிருக்க அவருக்கு இரண்டு காரணம்: ஒன்று கோபம். இன்னொன்று என்னவென்று அவருக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை. கோபத்தைத்தான் வெளியே காட்டிக்கொள்ள முடிந்தது.

"அமெரிக்காக்காரன் பண்டிகை நமக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்தார்.

"ஒங்க பேக்குல எல்லாம் பாரிஸ்னு எழுதிருக்கு. அது எதுக்கு மச்சான்?" என்றாள் ஆபிதா, முருங்கைக்கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வாயோடு வெறும் வாயால் மோத முடியாது, ஆதாரம் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மகள் அஃப்ஷாவைக் கூப்பிட்டார். காலேஜில் படிக்கிறவள், போனில் எதை வேண்டுமானாலும் தோண்டி எடுப்பாள். தமிழ் எழுத்து மட்டும் அவளுக்குச் சித்திரம் மாதிரி தெரியும். இந்த அன்னையர் தினம் எங்கே முளைத்தது, யார் முளைக்க வைத்தது, தேடிச் சொல் என்றார். அஃப்ஷா தேடினாள். அதிக நேரமாகவில்லை. அதையே அவர் கவனித்திருக்க வேண்டும்.

கிடைத்தது அல்வா. அமெரிக்காவில் ஒரு பெண்மணி, தன் தாய் இறந்த துக்கத்தில், தாய்க்கென்று ஒரு நாள் வேண்டும் என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதி, நூறு வருஷத்துக்கு மேலே முந்தி, மே மாதத்து இரண்டாம் ஞாயிறை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கொஞ்ச காலத்தில் பூக்கடைக்காரனும் வாழ்த்து அட்டைக்காரனும் மிட்டாய்க்காரனும் அந்த நாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண்மணிக்கு வந்ததே கோபம். இந்த நாளே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று மிச்ச ஆயுளெல்லாம் சண்டை போட்டிருக்கிறாள்.

மீரான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெற்றி வீரராக உட்கார்ந்தார். "கேட்டியாளா? ஆரம்பிச்சவளே வேண்டாம்னுட்டா."

ஆபிதா கதை முழுவதையும் கேட்டாள். அந்தப் பெண்மணிக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு மெதுவாக, "அப்ப கடையில எதுவும் வாங்கப்படாது" என்றாள்.

"படாது."

"கேக்கு?"

"மூச்சு விடப்படாது."

"சேலை, பூங்கொத்து?"

"அதெல்லாம் அவளுக்குச் செய்யிற துரோகம்."

"நல்லதாப் போச்சு. போன வருசம் வெறுங்கையோட எப்படிப் போறதுன்னுதானே வரமாட்டேன்னிய? இப்ப வெறுங்கையோடதான் போவணும்னு சட்டமே இருக்கு."

மீரானுக்குப் புரையேறியது. சைஃப் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் பட்டறையில் வேல்ராஜ் யோசனை சொன்னான்: "பாய், தேதியைப் பிடிங்க. ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொரு தேதியாம்லா." மீரானுக்கு அது பிடித்துப்போயிற்று. சாயங்காலம் அஃப்ஷா மறுபடியும் தேடினாள். மறுபடியும் உடனே கிடைத்தது. இங்கிலாந்தில் இந்த நாள் மே மாதத்தில் இல்லவே இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய விரத காலத்தில் நாலாவது ஞாயிறு. மார்ச் மாதம் பாதிக்கு மேல் அது முடிந்தே போயிருந்தது.

"முடிஞ்சிட்டு!" என்று கையைத் தட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார். "ஒரிஜினல் அன்னையர் தினம் அங்கதான். மார்ச்லயே முடிஞ்சிட்டு. இனிமே அடுத்த வருசம் பாப்போம்."

"அப்படியா? ஒரிஜினல்ல அன்னைக்கு என்ன செய்வாவளாம்?"

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதது மனுஷனுக்கு ஒரு வியாதி. அதிலும் நேற்றுத் தெரிந்ததை. மீரான் விரிவாகவே சொன்னார். பெரிய வீடுகளில் வேலைக்கு நின்ற பிள்ளைகளுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள் முதலாளிகள் விடுமுறை கொடுப்பார்கள். பிள்ளைகள் தாயைப் பார்க்கத் தாய் வீட்டுக்கு நடந்து போகும். வழியில் பூத்திருக்கிற பூவைப் பறித்துக்கொண்டு போகும். அடுப்பில் செய்த பலகாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போகும்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வீட்டு வேலை செய்யிற பிள்ளையளுக்கு லீவு" என்றாள் ஆபிதா.

"ஆமா" என்றார். சொன்ன பிறகுதான் தான் நிற்கிற இடம் புரிந்தது.

"தாய் வீட்டுக்குப் போவும்."

"அது... அந்தக் காலத்துல..."

"இருவத்திரண்டு வருசமா இந்த வீட்டுல நிக்கேன் மச்சான். ஞாயித்துக்கிழம எனக்கு லீவு."

இதற்கு மேல் வாதம் செய்ய ஊரில் யாருக்கும் சக்தி கிடையாது. ஆனால் மீரான் விடவில்லை. சனிக்கிழமை அவரிடம் கடைசி ஆயுதம் ஒன்று வந்து சேர்ந்தது. அதையும் கொண்டுவந்து கொடுத்தது அஃப்ஷாதான். அந்த அமெரிக்கப் பெண்மணியின் தாய்க்குப் பிடித்தது வெள்ளைக் கார்னேஷன் பூ. முதல் அன்னையர் தினத்தில் அதைத்தான் கூட்டத்துக்குக் கொடுத்தாள். பிற்பாடு அது ஒரு வழக்கமாயிற்று: தாய் உயிரோடு இருப்பவர்கள் சிவப்புப் பூ வைத்துக்கொள்வது, தாயை இழந்தவர்கள் வெள்ளைப் பூ.

"போதும், இது போதும்" என்று அஃப்ஷாவின் தலையைத் தடவிவிட்டு ஆபிதாவிடம் வந்தார். "நீ செவப்புப் பூ ஆளு. நான் வெள்ளைப் பூ ஆளு. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அங்க என்ன வேலை? எனக்குத்தான் உம்மா இல்லியே."

வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். கடைசி வார்த்தை வரும்போது குரல் ஒரு தினுசாக இறங்கிப்போனது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆபிதா அவரை ஒரு கணம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் விட்ட முதல் வாக்கியம் அதுதான்.

ஞாயிறு காலை ஆபிதாவும் பிள்ளைகளும் கிளம்பினார்கள். வீட்டிலிருந்த பைகளையெல்லாம் ஆளுக்கொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பை எதற்கு என்று கேட்க நினைத்தார். ஜெயித்தவன் கேள்வி கேட்பது அழகில்லை என்று விட்டுவிட்டார். போகும்போது ஆபிதா, ஜன்னல் தொட்டியில் பூத்த நந்தியாவட்டை ஒன்றைப் பறித்து, ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஒங்களுக்கு மச்சான்" என்றாள். அவ்வளவுதான்.

வீடு அமைதியாக இருந்தது. டீவியைப் போட்டார், நிறுத்தினார். அந்தப் பூ அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உம்மாவுக்கு நந்தியாவட்டை என்றால் உயிர். கண் எரிகிறது என்று சொன்னால் போதும், இரண்டு பூவை எடுத்து மூடிய கண்மேல் வைத்துவிடுவாள். பையன் மிஷின் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறானே என்று அவளுக்குக் கவலை. மீரான் அந்தப் பூவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லையே.

போன் அடித்தது. ஆபிதா.

"மச்சான், வட்டிலாப்பத்த மேசைக்கு அடியில மறந்து வச்சிட்டு வந்துட்டேன். உம்மாவுக்குன்னு செஞ்சது. கடையில வாங்கலை, நீங்க சொன்ன மாதிரியே அடுப்புல செஞ்சது."

"அதுக்கு?"

"வாசல்ல குடுத்துட்டுத் திரும்பிப் போயிருங்க. உள்ள வாங்கன்னு யாரும் கூப்பிடமாட்டாவ."

குனிந்து பார்த்தார். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் மணக்கிற பாத்திரம் ஒரு பைக்குள் இருந்தது. கறுப்புத் தோல் பை. கைப்பிடியின் ஒரு முனை பையில் இருந்தது, மறுமுனை நாக்கு மாதிரி தொங்கியது.

அதே பைதான். இங்கே எப்படி வந்தது என்று நினைக்க அவருக்கு நேரமில்லை. வேறு பைக்காக வீடு முழுவதும் தேடினார். பை தைக்கிறவன் வீட்டில் ஒரு பை இல்லை. எல்லாம் சுனாபட்டி போய்விட்டது. பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் போகலாம்தான். ஆனால் அறுந்த கைப்பிடியைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டுப்போவது, அழுகிற பிள்ளையைத் தாண்டிப் போவதுபோல. பையோடும் பாத்திரத்தோடும் பட்டறைக்குப் போய்த் திறந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

கைப்பிடியைப் புரட்டினார்.

அதில் மூன்று விதமான நூல் இருந்தது. ஒன்று பட்டம் விடுகிற நூல். ஒன்று பூக்கட்டுகிற வாழைநார். இன்னொன்று பச்சை நிறத்தில், சேலைக்கு ஓரம் அடிக்கிற நூல். கைத்தையல். வயசான விரல்கள் கோணல்மாணலாக ஊசி ஏற்றிய தையல். அறுந்திருக்கிறது, தைத்திருக்கிறார். மறுபடி அறுந்திருக்கிறது, மறுபடி தைத்திருக்கிறார். பந்தியில் உட்கார்ந்து சிரித்த மனுஷி, மூன்று வருஷமாக வேறு பை வாங்காமல் இதையே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அந்த நூல்களையெல்லாம் பிரித்தபோது அடியில் அவருடைய தையல் தெரிந்தது. தையல் முடிகிற இடத்தில் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி லாக் அடிக்க வேண்டும். முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். லாக் அடித்திருக்கவில்லை. பெருநாள் அவசரம். மீரான் வாசலைத் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, வேல்ராஜின் பட்டறை பூட்டியிருந்தது.

அன்று அவர் தைத்த மாதிரி அதற்கு முன் தைத்ததில்லை. உள்ளே புதிதாக ஒரு தோல் பட்டை கொடுத்தார். இரட்டைத் தையல். இரண்டு முனையிலும் லாக். அதற்கு மேல் பித்தளை ரிவிட். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே ஒரு முறை தொங்கிப் பார்த்தார். வட்டிலாப்பத்தை உள்ளே வைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, சயான் சிக்னலில் டிரைவரிடம் "பாயி, ஆஸ்தே, அந்தர் வட்டிலாப்பம் ஹை" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு சுனாபட்டி போய்ச் சேர்ந்தார்.

மூன்று மாடி ஏறினார். மூச்சு வாங்கியது. இதை அந்த முட்டி தினமும் ஏறுகிறதா என்று நினைத்தார். கதவு தட்டுவதற்கு முன்னாலேயே திறந்தது.

செய்யதலி பாத்திமா நின்றார். போன வருஷத்துக்கு இப்போது பாதியாக இருந்தார். மீரான் மூன்று வருஷத்து வார்த்தையையும் ஒரு வருஷத்து வார்த்தையையும் சேர்த்து எடுக்கப் பார்த்தார். வந்தது இதுதான்:

"மாமி, பைய தச்சிட்டேன்."

"வாங்க மருமவனே" என்றார் மாமியார். கண் அவருடைய சட்டைப் பையில் நின்றது. "இது என்ன, பூவெல்லாம் வச்சிருக்கிய?"

உள்ளேயிருந்து அஃப்ஷா விளக்கினாள். உம்மா இல்லாதவர்களுக்கு வெள்ளை. இருக்கிறவர்களுக்கு லால். மாமியார் முழுவதையும் கேட்டார். பிறகு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த டப்பாவிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்து வந்தார். வெள்ளைப் பூவைத் தொடவில்லை. அதன் பக்கத்திலேயே சிவப்பைச் செருகினார்.

"அது ஒங்க உம்மாவுக்கு. அது இருக்கட்டும்" என்றார். "நான் இருக்கம்லா? இது எனக்கு."

மீரான் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் ஆபிதா இருந்தாள். அதனால் கூரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு உம்மாவ நீங்க..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மருமவனே. உக்காருங்க."

வட்டிலாப்பம் வெட்டி வைத்தார்கள். இரண்டாவது துண்டு உள்ளே போகும்போது அஃப்ஷா எதேச்சையாகச் சொன்னாள், அந்தப் பூ விஷயத்தைக் கடைசியில்தான் வாப்பாவிடம் சொல்லவேண்டும் என்று உம்மா சொல்லியிருந்தாளாம். மீரான் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னது?"

"வாப்பா, உம்மா கோ சப் மாலும், முதல்லயே எல்லாம் தெரியும். எந்த நாளைக்கு எதைச் சொல்லணும்னு அவங்கதான் சொன்னாங்க."

ஆபிதா தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். போன வாரம் உம்மாவைப் பார்க்க வந்தபோது அந்தப் பையை யார் தாராவிக்கு எடுத்துப்போனது என்று இனிக் கேட்கத் தேவையில்லை.

மாமியார் பையைக் கையில் எடுத்திருந்தார். இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்தார். காலால் பையின் அடியை மிதித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். ரிவிட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மீரான் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பையன்போல அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பாரம் தாங்குமா?"

"என்ன மாமி இப்படிக் கேட்டுட்டிய? எவ்வளவு வேணாலும் வைங்க."

"தக்காளி?"

"கல்ல வைங்க மாமி."

"எத்தன காலத்துக்குத் தாங்கும்?"

தொழில்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு பூவும் சேர்ந்து நிமிர்ந்தன. "ஆயுசுக்கும் தாங்கும் மாமி. நான் ஜவாப்."

"அப்பச் சரி" என்றார் செய்யதலி பாத்திமா. பையைக் கட்டில்மேல் வைத்து வாயைத் திறந்தார். மடித்துத் தயாராக வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்க ஆரம்பித்தார். சேலைக்கு மேல் தொழுகைப் பாய். அதற்கு மேல் மருந்து டப்பா. அஃப்ஷாவும் சைஃபும் காலையில் மாட்டிக்கொண்டு வந்த பைகளை மீரான் பார்த்தார். அவற்றில் மாமியாரின் பாத்திரமும் பண்டமும் ஏற்கெனவே கட்டி ஏறியிருந்தன.

மூன்று மாடியும் அந்தக் கறுப்புப் பையை மீரானே தூக்கிக்கொண்டு இறங்கினார். முன்னால் ஆபிதா, உம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தாள். எங்கேயாவது கைப்பிடி கொஞ்சம் இளகுகிறதா என்று அவர் படிக்குப் படி பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு இழைகூட அசையவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்துத் தொலைத்திருந்தார்.